செல்வி அக்கா வீட்டு யுஎஸ்பி அடாப்டர்

இன்று வேங்கிக்காலில் செல்வி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.

அக்காவுக்கும் சென்னையில் இருக்கும் அவர் தங்கைக்கும் பிறவியிலேயே காது கேட்காது. வெப்கேம் முன்னால் உட்கார்ந்து கைகளால்தான் பேசிக்கொள்வார்கள்.

போன வாரம் இடி இடித்ததில் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட் போய்விட்டது. அக்காவின் கணவர் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“மச்சினி இன்னிக்குத்தான் பொறந்த கொழந்தையோட ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்துருக்கா தம்பி. எப்டியாவது பண்ணிக் குடுங்க” என்றார்.

அடாப்டரை இயக்கும் டிரைவர், லினக்ஸின் மையமான கர்னலில் சேர்க்கப்படாமலே இருந்தது. சேர்த்து, மொத்தக் கர்னலையும் மறுபடி கம்பைல் செய்து கட்டினேன். பழைய மெஷின், மதியம் முழுக்க ஓடியது. திரையில் ஓடிய வரிகளை விட்டு அக்கா கண்ணை எடுக்கவில்லை.

ஒருவழியாக அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் தங்கை வந்தார். இரண்டு கைகளிலும் குழந்தை. பேச வழியில்லாமல் சிரித்தார், அழுதார்.

இங்கே அக்காவின் கைகள் மட்டும் வேகமாகப் பேசின.

“என்ன சொல்றாங்க?” என்று அக்காவின் கணவரிடம் கேட்டேன்.

“கொழந்தைய கீழ வெக்காதடி, இன்னிக்கு நானே பேசுறேன்னு சொல்றா.”

கர்னல் கம்பைல் செய்வது வெட்டி வேலை என்று என்னைக் கிண்டல் செய்யும் நண்பர்களே, இப்போது வந்து பேசுங்கள்.