கோணி ஊசியில் தைத்த தொடர்கதை

எங்கள் வீட்டில் வாரப் பத்திரிகை வாங்கமாட்டார்கள். காரிமங்கலத்தில் பக்கத்து வீட்டுப் பாய் இரும்புக்கடை வைத்திருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து வைப்பார் அக்கா. கதை முடிந்ததும் அவருடைய தம்பி அதைக் கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு, தகரம் வெட்டும் கத்தரியால் ஓரங்களைச் சமமாக நறுக்கிக் கொடுத்தார். அந்த நறுக்கலில் அத்தியாய எண்கள் போயின. ‘முற்றும்’ என்பதும் போயிற்று.

ஆறாவதோடு என் படிப்பு நின்றுவிட்டிருந்தது. அப்பா லாரி டிரைவர். பெங்களூர் போனவர் சொன்ன நாளில் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் அந்தக் கதையின் கடைசியைப் படிப்பேன். புயலில் நாயகனின் படகு கவிழும். மனைவி கரையில் நிற்பாள். பக்கத்தைப் புரட்டினால், அவன் மாமியார் வீட்டில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருப்பான். எப்படிக் கரையேறினான் என்று எழுதியிருக்காது. நீந்தி வந்திருப்பான் என்று நானே வைத்துக்கொண்டேன். அவன் வந்துவிட்டான், அப்பாவும் வந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் வந்தார்.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு லாரிக்காரரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

எழுபதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் குடியிருந்தபோது, நூலகத்தில் அதே கதை புத்தகமாகக் கிடைத்தது. என் வீட்டுக்காரர் மங்களூர்ப் பக்கம் லோடு ஏற்றிப் போய், வரவேண்டிய நாள் கடந்திருந்தது. கைகண்ட மருந்து கிடைத்த மாதிரி எடுத்து வந்தேன். பாதிக் கதையிலேயே பணியாரம் வந்துவிட்டது. திக்கென்றது. அப்புறம் படகு கவிழ்ந்தது. அவள் கரையில் நின்றாள். கீழே ‘முற்றும்’. பின்னட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் காரிமங்கலம் போய் இறங்கினேன்.

“அக்கா, அவரு வரவே இல்லீங்களாக்கா?”

அக்கா பதறிப்போனார். “யாரு, உங்க வூட்டுக்காரரா?”

“இல்லீங்க, கதையில.”

“அல்லா! எனக்கு உசுரே போச்சு புள்ள. அவன் அன்னிக்கே செத்துட்டான். எந்தம்பி ஒரு வாரத்த மாத்தி வெச்சுத் தெச்சுட்டான். பிரிச்சுத் தெக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ படிச்சுட்டு ‘அவரு வந்துட்டாருங்கக்கா’ன்னு குதிச்சே. அப்புறம் எங்க பிரிக்கறது?”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொல்லியிருந்தா உங்கப்பன் வர்ற வரைக்கும் நீ கண்ண மூடியிருப்பியா?”

உள்ளே போய் அந்தப் புத்தகத்தையும் கத்தரியையும் எடுத்து வந்தார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. பிரிச்சு சரியா வெச்சுத் தெச்சரலாமா?”

மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். காலண்டர் அட்டை துணி மாதிரி நைந்திருந்தது. வேண்டாம் என்றேன். ஆனால் திறந்து படிக்கவும் மனம் வரவில்லை.

“சரி, உங்க வூட்டுக்காரரு எங்க?”

“தெரியலீங்க. நாளு தாண்டிப்போச்சு.”

“நல்லா இருக்குது போ! அவர விட்டுப்போட்டு, கதையில செத்தவனத் தேடி பஸ் ஏறி வந்திருக்கிறே. தருமபுரி லாரி ஆபீசுல போயிக் கேளு.”

அதுவரை அங்கே நான் தனியாகப் போனதில்லை. படியேறிப் போய், மங்களூர் லோடு வண்டி என்னவாயிற்று என்று கேட்டேன். மலைப்பாதையில் அச்சு முறிந்து வண்டி நிற்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார் என்றார் கணக்குப்பிள்ளை.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சலித்துக்கொள்ளாமல் சொன்னார்.