ரிவர்ஸ் போட்ட விமானி

கெவ் நான்கிவெல்லைப் பார்த்தால் யாரும் விமானி என்று சொல்ல மாட்டார்கள். கோதுமை விவசாயி என்பார்கள், அதுதான் சரி. நிலத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, புல்தரையில் பந்து உருட்டும் எங்கள் பவுல்ஸ் கிளப்பின் பின்னறையில் கம்ப்யூட்டர் விமானச் சண்டைக்கென்று ஒரு படையைத் தொடங்கினார். சனிக்கிழமை மதியமானால் போதும், எங்கள் யார்க் தீபகற்பத்தின் பாதிக் கிழவர்கள் அங்கே உட்கார்ந்து இரண்டாம் உலகப் போரை நடத்திக்கொண்டிருப்பார்கள். நான் கிளெனிஸ். கிளப்பின் பாரும் அடுப்படியும் என் பொறுப்பு. போர் எப்போது முடியும் என்று நான் கேட்காத வாரமில்லை.

படைக்கு ஒரே சட்டம். ஜாய்ஸ்டிக்கால்தான் ஓட்ட வேண்டும், மவுஸைத் தொட்டவர் ஒரு மாதம் அறைக்குள் வரக்கூடாது. எழுதியவர் கெவ். "மவுஸ வெச்சு கரண்ட் பில் கட்டலாம், சண்டைக்குப் போகக் கூடாது" என்பார். மவுஸை எங்கே நகர்த்துகிறோமோ அங்கே விமானம் சமர்த்தாக மூக்கைத் திருப்பிவிடும். ஜாய்ஸ்டிக்குக்கு மணிக்கட்டில் வித்தை வேண்டும்.

கெவ்வின் மணிக்கட்டில் இருந்ததோ வேறு வித்தை. அவருடைய ஜாய்ஸ்டிக்கே ஒரு பழைய அறுவடை இயந்திரத்தின் கைப்பிடி. அந்த இயந்திரத்தில் கைப்பிடியைத் தள்ளினால் முன்னே போகும், இழுத்தால் ரிவர்ஸ். ஆயுள் முழுக்க அதை ஓட்டிப் பழகிய கை, எதிரி விமானம் நேருக்கு நேர் வந்ததும் தானாகப் பின்னால் இழுத்துவிடும், வயல் கேட்டில் எதிரே லாரி வந்துவிட்ட மாதிரி. விமானம் எங்கே ரிவர்ஸ் போகும்? மூக்கைத் தூக்கி வயிற்றைக் காட்டும். சுடுகிறவருக்கு அதைவிட நல்ல உபசாரம் கிடையாது.

ஆக, படையைத் தொடங்கிய மனிதர் ஒரு விமானத்தைக்கூட வீழ்த்தியதில்லை. அது அவரை அரித்தது. ஒருநாள் பாரில் பியரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உண்மையச் சொல்லு கிளெனிஸ். எனக்கு இது வரவே வராதா?"

நான் இறைச்சி அடைத்த பாஸ்டி சுடுகிறவள், எனக்கென்ன தெரியும் என்று நழுவிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் எனக்கு வேறொன்றும் தெரியும். பாஸ்டியின் தக்காளி சாஸ் சிந்தாமலிருக்க மேசைதோறும் துண்டு விரித்துவைப்பது நான்தான். ஒவ்வொரு துண்டுக்கடியிலும் ஒரு மவுஸ் இருந்தது. முதலில் கொண்டுவந்தவர் செயலாளர் ராஸ் ட்ரெமெயின், மூட்டுவலியைச் சாக்குச் சொல்லி. பிறகு அவரிடம் தோற்றவர்கள், அவர்களிடம் தோற்றவர்கள். இடதுகை ஒப்புக்கு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும், வலதுகை துண்டுக்கடியில் வேலை பார்க்கும். கெவ்விடம் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. அவர் ஒருவர்தான் நேர்மையாக வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அறுவடை முடிந்த சமயம் கெவ் தன் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். வீட்டில் கிட என்றால் கேட்கிற ஆளா? கட்டுப்போட்ட கையைக் கைப்பிடிமேல் சாய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ராஸின் விமானம் நேராக வந்தது. கெவ் இம்மி விலகவில்லை. ராஸ் புகைந்துகொண்டே கடலில் விழுந்தார்.

அறையே கைதட்டியது. ஒற்றைக் கையால் எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. அன்றைய சிறந்த விமானிக்குப் பரிசாகக் கொடுக்கும் பச்சை இறைச்சித் தட்டை ராஸே எடுத்து நீட்டினார். அந்தக் கைப்பிடியைச் சுவரில் மாட்டி வைக்க வேண்டும் என்று வேறு சொன்னார். கெவ்வின் காது சிவந்தது. தட்டை வாங்கி மறுபடி மேசையிலேயே வைத்தார்.

"மவுஸ்ல சுட்டேன். இடது கையால, துண்டுக்கடியில. மன்னிச்சிருங்க."

இப்போதாவது ஒருவராவது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். ராஸ் தன் இடத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "சட்டம் சட்டம்தானே கெவ். ஒரு மாசம். சரிங்கறவங்க கையத் தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். அத்தனையும் இடதுகை. வலதுகைகள் மவுஸை மறைத்துக்கொண்டிருந்தன.

எனக்கு வந்த கோபத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. மேசை மேசையாகப் போய்த் துண்டுகளை உருவினேன். கறுப்பு, வெள்ளை, சாஸ் படிந்தது, பேத்தியிடம் இரவல் வாங்கிய ரோஜா நிறம் ஒன்று. கெவ் ஒவ்வொன்றின் முன்பும் நின்று பார்த்தார்.

"எத்தன நாளா?"

"ரொம்ப நாளா, கெவ்" என்றார் ராஸ், தலையைத் தூக்காமல்.

கைப்பிடியைப் பிடுங்கி எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ நான் மோசமான விமானி இல்ல. நீங்கதான் திருட்டுப்பசங்க."

மவுஸ் வருவதற்கு முன்பும் அவர் வயிற்றைக் காட்டியவர்தான். எல்லாருக்கும் தெரியும். ராஸ் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன்.

"ஆமாம்ப்பா" என்றார் ராஸ். "இங்க உன்னவிட நல்ல விமானி யாரு?"

கெவ் மவுஸ்களையெல்லாம் பிடுங்கி ஒரு பாஸ்டித் தட்டில் குவித்தார். எல்லாரும் ஜாய்ஸ்டிக்கோடு கிளம்புங்கள் என்று உத்தரவு. கிளம்பினார்கள். ராஸ் ஓடுபாதையிலேயே மூக்கைக் குத்திக்கொண்டார். அடுத்தவர் ராஸ்மேல் ஏறினார். மற்றவர்கள் வேலியில், மரத்தில், ஒருவர் தன் சொந்தப் படையின் கொட்டகையில். மவுஸிலேயே ஊறிப்போன கைகளுக்கு ஜாய்ஸ்டிக் சுத்தமாக மறந்துவிட்டிருந்தது.

கெவ் மட்டும் இடதுகையால் கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறினார். வானம் முழுக்க அவர் ஒருவர்தான். சுற்றிச் சுற்றி வந்தார்.

"யாராவது மேல வாங்கப்பா" என்றார்.

யாராலும் வர முடியவில்லை. ஜாய்ஸ்டிக்கில் அவர் இன்றுவரை ஒருவரையும் வீழ்த்தவில்லை. பாரில் கேட்ட அந்தக் கேள்வியை அதன்பிறகு என்னிடம் கேட்கவும் இல்லை.