விஷுவன்று வைத்த பூ

என் வீட்டுக்காரருக்கு அரிசி மண்டியில் வேலை கிடைத்துக் கொச்சிக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம் எனக்குப் பழகவே இல்லை. ஒரு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரித் தெருவில் இறங்கினால் போதும், "எந்தா சேச்சி, இன்னு கல்யாணமுண்டோ?" என்று ஆட்டோக்காரர் கேட்பார். வெள்ளிக்கிழமை என்பேன். வெள்ளிக்கிழமைக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்ப்பார். எங்கள் திண்டுக்கல்லில் பூ இல்லாத தலையைப் பார்த்துத்தான் "என்னடி ஆச்சு?" என்று கேட்பார்கள். இங்கே பூ வைத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

போன மாதம் நிஜமாகவே காரணம் இருந்தது. பக்கத்து வீட்டு லதிகா, தன் மகள் அஞ்சுவின் கல்யாணத்துக்குப் பூ பார்க்க என்னையும் கலூருக்கு அழைத்துப் போனாள். "பூவின்டெ கார்யம் சேச்சி பறஞ்ஞா மதி. தமிழ்நாட்டுக்காரிக்கு அறியாத்த பூவுண்டோ!" என்று பஸ்ஸிலேயே பெருமை. பூ விஷயத்தில் நான் சொன்னால் போதுமாம். ஏசி போட்ட கடை. கடைப் பெண் பொக்கே படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அஞ்சு வெள்ளை ரோஜாவைத் தொட்டாள். வெறும் வெள்ளையைக் கல்யாணப் பெண் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவில் கொஞ்சம் சிவப்பு வைக்கச் சொன்னேன். மேடைக்கு ஆர்க்கிட், கூந்தலுக்கு முல்லை. எல்லாவற்றுக்கும் லதிகா என் முகத்தையே பார்த்தாள். "மோளுடெ கல்யாணமாணோ?" என்று கடைப் பெண் என்னைத்தான் அம்மா என்று நினைத்துக் கேட்டாள். லதிகா சிரித்துக்கொண்டே, "ஏறெக்குறெ" என்றாள்.

அஞ்சு எனக்கு மருமகளாக வந்திருக்க வேண்டியவள். என் மகன் சரவணனுக்கும் அவளுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒட்டுதல். "நீங்களே போய்ப் பேசுங்கம்மா" என்று அவன் வாய்விட்டுச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை ஒன்றாம் தேதி, நல்ல நாள் என்று நானும் வீட்டுக்காரரும் தேங்காய், பழம், வெற்றிலை, மல்லிகைப் பூவோடு தட்டெடுத்துப் போனோம். எங்கள் ஊரில் பையனைப் பெற்றவள் தட்டோடு வந்து பெண் தலையில் பூ வைத்துவிட்டால், அப்புறம் பேச என்ன இருக்கிறது? அஞ்சுவை உட்காரவைத்து என் கையாலேயே வைத்தேன். "இனி இவ எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். "அதெந்தா சேச்சி, அவள் எப்போழும் நிங்ஙளுடெ மோளல்லே!" என்று லதிகா என்னைக் கட்டிக்கொண்டாள். சாயா வந்தது, பாயசம் வந்தது. கிளம்பும்போது தட்டில் ஒரு கொத்துக் கொன்றைப் பூவும் வைத்தாள். தட்டு வெறுமனே திரும்பவில்லை, சம்மதம்தான் என்று பூரித்துப்போனேன்.

அன்றைக்கு அவர்களுக்கு விஷு, கொன்றைப் பூ வைத்துக் கும்பிடும் பண்டிகை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொடுத்து வாங்கிக்கொள்ளும் நாள். நான் போனதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். இது எனக்கு உறைக்கவே இல்லை.

"பூ வச்சாச்சுடி!" என்று அன்றைக்கே திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டேன். அதிலிருந்து வாரம் தவறாமல் "மருமக எப்படி இருக்கா?" என்பாள். சரவணனையும் அதட்டி வைத்தேன். "பூ வச்ச பொண்ணுகிட்ட தெருவுலயும் பேசாத, போன்லயும் பேசாத. அவங்க நாள் பாத்துச் சொல்லட்டும்." அந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொண்டான். அவர்கள் வருவார்கள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாமாகப் போய்க் கேட்டால் கௌரவம் என்னாவது! அடுத்த விஷுவும் வந்து போனது. அதற்கு அடுத்ததும் போனபிறகு, அஞ்சுவுக்கு நிச்சயமாகிவிட்டது என்று லதிகா லட்டோடு வந்தாள். மாப்பிள்ளை ஆலுவாக்காரன், கல்ஃபில் வேலையாம்.

"நீங்க என்னதாம்மா பேசினீங்க?" என்று சரவணன் கேட்டான்.

"பூ வச்சேனேடா."

"அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசுகிற இந்த வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ! 'எம் பையனுக்கு உங்க பொண்ணக் குடுப்பீங்களா' என்று ஒரு வார்த்தை. அவர்கள் மறுத்திருக்கலாம், சரி என்றும் சொல்லியிருக்கலாம். என்னைப் போல ஊர் விட்டு வந்தவர்களே, மனதில் இருப்பதை வாயால் சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பூவும் தட்டும் இங்கே நமக்காகப் பேசாது. நிச்சயம் முடிந்த பிறகு போய் என்னத்தைச் சொல்ல? சரவணன் கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்து அறையில் அழகு நிலையத்துப் பெண் அஞ்சுவின் கொண்டையைச் சுற்றி முல்லைச் சரங்களை வரிவரியாக வைத்துக்கொண்டிருந்தாள். "கடைசி வரிய ஆன்ட்டி வைக்கட்டும்" என்றாள் அஞ்சு. அவள் என்னிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவாள். நான் சரத்தைச் சுற்றும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"அந்த விஷுவுக்கு நீங்க வச்ச பூவ உணங்கிப் போற வரைக்கும் நான் எடுக்கல ஆன்ட்டி. நீங்க ஏதோ சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் சரவணனும் என்கிட்ட பேசல. ஏன்னு இப்பவும் தெரியல."

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. "தலைய ஆட்டாத மோளே" என்று மட்டும் சொல்லி, ஊசியைக் குத்திவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் போன் அடித்தது. தங்கைதான். ஊரில் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே அஞ்சு என் மருமகள்தான்.

"என்னக்கா, மேளச் சத்தம் கேக்குது, கோயில்லயா இருக்க? மருமக எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காடி" என்றேன். "தல நெறயப் பூ வச்சிருக்கா. நாந்தான் வச்சு விட்டேன்."