பூட்டிய வீட்டில் பரமலிங்க மாஸ்டர்

பரமலிங்க மாஸ்டர் காய்ச்சலில் காலமாகிவிட்டார் என்று பாடசாலைக் காவலாளி வந்து சொன்னபோது, நான் நாலாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் வெயிலில் மிதந்தன. மீதிக் கணக்கை எழுதினேனா, பிள்ளைகளை அனுப்பிவிட்டேனா, நினைவில்லை.

செத்தவீட்டில் இரண்டு பேர், குண்டுக்குப் பயந்து தன்னைத்தானே வீட்டுக்குள் பூட்டுவித்த மனுசன் என்று மெல்லச் சிரித்தார்கள். அவரோடு பழகிய உங்களுக்கும் அந்தக் கதை தெரியும். அது பொய்.

மாஸ்டருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ‘பூட்டு’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கொப்பி நிரப்புவார். வண்டிலில் மாடு பூட்டுவது, கழுத்தில் அட்டியல் பூட்டுவது, வில்லில் நாண் பூட்டுவது, பொழுதுபடக் கடை பூட்டுவது என்று எல்லாவற்றையும், யார் வாயில் கேட்டார் என்பதோடு எழுதுவார். கிண்ணியாத் தோணிக்காரர் யாரையாவது வாயைப் பூட்டச் சொல்லி அதட்டினால் மாஸ்டருக்கு அன்று பெருநாள். நாங்கள் கேலி பண்ணினால், “ஒரு இரும்புச் சாமானுக்குள்ள எவ்வளவு சனம் இருக்குது பாருங்கோ டீச்சர்” என்பார்.

பின்பு அந்தச் சித்திரை வந்தது. யப்பான் விமானங்கள் வரப்போகின்றன என்று ஊர் கலைந்தது. எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. போகிறவர்கள் கதவைச் சாத்தி, பூட்டையும் சாவியையும் கொண்டியில் தொங்கவிட்டுப் போவார்கள். கடைசியாகப் போகிறவர் எல்லாவற்றையும் பூட்டிச் சாவிகளைக் கொண்டுபோக வேண்டும். கடைசியாகப் போனவள் நான். மாஸ்டர் விடியவே கிண்ணியாவுக்குத் தோணி ஏறுவதாகச் சொல்லியிருந்ததால், ஒரு குரல்கூடக் கொடுக்காமல் அவர் கதவைப் பூட்டிவிட்டு, அம்மாவோடு தம்பலகாமத்துக்கு வண்டில் ஏறினேன். பூட்டைத் தொங்கவிட்ட பின் கொப்பி நினைவு வந்து உள்ளே திரும்பியவர், பின்னறையில் அதைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

யன்னலெல்லாம் இரும்புக் கம்பி. கூப்பிட்டால் கேட்க ஒருவருமில்லை. மறுநாள் காலை குண்டுகள் விழுந்தன.

அந்த நேரத்தைப் பற்றி ஒரேயொரு முறைதான் சொன்னார். கண்ணைப் பூட்டிக்கொண்டு தரையில் படுத்திருந்தாராம். ஓடுகள் நடுங்க, தூசி வெயிலில் மெல்ல மெல்ல இறங்கியதாம். கொப்பியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்களாம். யாரோ வயலோரம் மாடு பூட்டினார். ஒரு தாய் மகளுக்கு அட்டியல் பூட்டினாள். கொழுக்கி கூந்தலில் சிக்க, இருவரும் சிரித்தார்கள். வெளியே எரிவது எங்கோ வேறு ஊரில் எரிவது போலிருந்ததாம்.

“பயந்தனான்தான் டீச்சர். ஆனா தனிச்சு இருக்கேல்லை” என்றார்.

மூன்றாம் நாள், மாஸ்டர் வந்துசேரவில்லையென்று கிண்ணியாத் தோணிக்காரர் ஒருவர் தேடிவந்து பூட்டை உடைத்திருக்கிறார். இரண்டு கிழமை கழித்து நான் திரும்பியபோது, மாஸ்டரை வைத்துப் பூட்டியது யார் என்று ஒழுங்கையே கொதித்துக்கொண்டிருந்தது. சாவிக்கொத்து என் கையில். மாஸ்டர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

“நான்தான் டீச்சரிட்டப் பூட்டச் சொன்னனான். பூட்டின வீடு பத்திரமெண்டு நினைச்சனான்.”

குண்டு கதவைத் தட்டிக்கொண்டா வரும் என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று பலமுறை அவரிடம் கேட்டேன். சொன்னால் எனக்கு அது பாரம், தனக்கு வெறும் பகிடிதானே என்று தடுத்துவிட்டார்.

கொப்பி அவருடைய தமக்கையிடம் போய்விட்டது. என்னிடம் மிஞ்சியிருப்பது எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய். இரண்டு வருடம் அதன் நிழலில் நல்ல பெயரோடு நடமாடினேன்; வெட்கமாயிருக்கிறது. மாஸ்டர் தன்னைப் பூட்டச் சொல்லவில்லை. இனி யாருக்காவது சிரிப்பு வந்தால், என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.