கரைக்குக் கீழே தூங்கியவர்

போன மார்ச்சில் ஆட்டுப்பட்டிக் கதவைச் சாத்தப் போன கெல்வின் பைபஸ், அந்தக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் மனைவி லோர்னா மரத்துப்போய்த்தான் நடமாடினாள். அழவும் இல்லை, புலம்பவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்து உறைபெட்டியில் அடுக்கிய ஆட்டுக்கறியையும் இறைச்சி அடைத்த அப்பத்தையும், எந்தப் பாத்திரத்தில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சூடாக்கித் தின்றாள். கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று தோன்றவில்லை. ஊரில் அதைத்தான் முணுமுணுத்தார்கள். டாஸ்மேனியாவில் எங்கள் மலையடிவாரத்துப் பெண்கள் செத்தவனை மறந்தாலும் மறப்பார்கள், கொடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை மறக்கமாட்டார்கள்.

அவளுக்கு மிஞ்சியிருந்தவை ஆடுகள், ஓர் அணை, மெர்வ். மெர்வ் கெல்வினின் அண்ணன். மனைவி விட்டுப் போன பிறகு ஒரு பழைய கேரவனை, சக்கரம் வைத்த வீட்டு வண்டியை, இழுத்துக்கொண்டு வந்து, அணைக்கரைக்குக் கீழே ஓடையோரப் பள்ளத்தில் நிறுத்திக்கொண்டவர். அங்கே காற்று அடிக்காது, அதனால் அங்கே. தினமும் காலையில் மேலே ஏறி வந்து ஆடுகளுக்கு வைக்கோல் போடுவார், லோர்னாவை வம்புக்கு இழுப்பார், அவள் பதில் சொல்லாவிட்டாலும் தேநீர் குடித்துவிட்டுத்தான் இறங்குவார்.

அணை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கெல்வினின் அப்பா வாடகை புல்டோசரை வைத்துத் தள்ளிய மண் கரை. அளவும் கிடையாது, வரைபடமும் கிடையாது. மழை பொய்த்த ஒரு வருஷம், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கின் வாயைக் கெல்வின் பழைய தண்டவாளக் கட்டைகளால் அடைத்துவிட்டான். இன்னும் இரண்டு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்குமே என்ற ஆசை. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் செய்கிற வேலைதான் அது. அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் முதல் நாள் கட்டைகளை எடுத்துவிடுவார்கள், போனதும் திரும்ப வைத்துவிடுவார்கள்.

அணையைச் சோதிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று தெரிந்ததும் மெர்வும் கட்டைகளை எடுத்துப் புல்லுக்குள் போட்டார். பிறகு கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு லோர்னாவிடம் வந்தார்.

"இங்க பாரு அம்மணி. அந்தப் பொண்ணு கரையைப் பாக்குறதுக்கு முன்னாடி, கரைக்குக் கீழ யாரு இருக்காங்கன்னுதான் பாப்பா. யாரும் இல்லன்னா, சின்ன அணைதானேன்னு விட்டுடுவா. ஒரு ஆளு படுத்துத் தூங்குறான்னு தெரிஞ்சுதோ, அது ஆபத்தான அணை. பிரிச்சுக் கட்டு, இல்லாட்டி உடைச்சு விடுன்னு நிப்பா."

"கட்டுறதுக்கு நம்மால முடியாது."

"அதான் சொல்றேன். தண்ணி இல்லாம ஆடுங்க ஜனவரி வெயிலைத் தாண்டாது. அப்புறம் நிலத்தை வித்துட்டு எங்க போவ நீ? நாயைப் பக்கத்துப் பண்ணையில கட்டிட்டேன். துணியெல்லாம் உள்ள எடுத்துப் போட்டாச்சு. கேட்டா, கோழி அடையுற வண்டின்னு சொல்லு. உள்ள அடிக்கிற நாத்தத்துக்கு நம்பிடுவா."

பழைய லோர்னாவாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது "சரி" என்று மட்டும் சொன்னாள்.

சோதிக்க வந்த ப்ரையனி சின்ன வயசுக்காரி, கெட்டிக்காரி. கலிங்கில் கட்டைகள் இருந்த தடத்தைப் பார்த்தாள். "எடுத்துட்டீங்க, நல்லது. நான் போனதும் திரும்ப வெச்சிராதீங்க" என்றாள். பிறகு கரையின் அடிவாரத்துக்கு இறங்கினாள். கோடை முழுக்கப் புல்வெளியெல்லாம் காய்ந்து கிடந்தபோதும் அந்த ஓர் இடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றது. ஆடுகளுக்கு நல்லதாயிற்று என்றுதான் லோர்னா நினைத்திருந்தாள். ப்ரையனி அங்கே ஊறி வந்த தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா நான் கவலைப்பட மாட்டேன். எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியும். இது கலங்கி வருது பாருங்க. கரைக்குள்ள இருக்குற மண்ணையும் சேத்து எடுத்துட்டு வருது."

லோர்னா பார்த்தாள். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தது.

"கீழ யாராவது தூங்குறாங்களா லோர்னா?"

கோழி என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். என்ன கோழி, எத்தனை கோழி என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அவளால் ஆகவில்லை.

"மெர்வ் தூங்குறாரு" என்றாள். "என் வீட்டுக்காரரோட அண்ணன்."

ப்ரையனி தலையாட்டினாள். "அப்போ இன்னைக்கே தண்ணியைப் பாதியா இறக்கணும். அவர் கீழ இருந்தா கரையைப் பிரிச்சுக் கட்டியே ஆகணும். யாரும் இல்லன்னா பாதித் தண்ணியோட வெச்சுக்கலாம், உடைஞ்சாலும் புல்லும் வேலியும்தான் போகும். வண்டியை மேட்டுல உங்க வீட்டுப் பக்கத்துல நிறுத்தலாமே."

"நிறுத்தலாம்" என்றாள் லோர்னா.

தண்ணீரைப் பாதியாக இறக்கிவிட்டு, சாயங்காலம் மெர்வ் வந்து சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து புகையிலையைச் சுருட்டினார்.

"கோழின்னு ஒரே ஒரு வார்த்தை. அது வரலையா உனக்கு?"

"வரல."

"நல்ல ஆளு போ. என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்ட." கோபமாகச் சொல்லவில்லை. பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். "இனிமே எங்க போறதுன்னு பாக்கணும்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் இடம் இருந்தது, குழாய் இருந்தது, மின்சாரமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியதுதான். லோர்னாவுக்கு அது தெரியும். அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். தம்பி செத்த வீட்டில் தானாக வந்து குடியேறுகிற ஆள் இல்லை மெர்வ், கூப்பிட வேண்டும். அவளோ அவர் கையிலிருந்த சுருட்டு எரிந்து குறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மனசுக்குள் வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

சுருட்டு தீர்ந்தது. படியில் தேய்த்து அணைத்துவிட்டு எழுந்தார்.

"மக வீட்டுக்குப் போறேன். கடலோரம், ஒரே மீன் நாத்தம். பழகிக்க வேண்டியதுதான்."

மறுநாள் கேரவன் போய்விட்டது. வைக்கோல் போட லோர்னாவே போனாள். வம்புக்கு இழுக்க ஆள் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது, முடிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வேலியோரமாக நின்றாள். மழைக்காலம் இப்படியே போயிற்று.

மழை விட்டதும் ப்ரையனி ஃபோன் செய்தாள். "இப்போ கீழ யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"ரொம்ப நல்லது. அப்போ கவலை இல்ல லோர்னா. பயப்பட வேண்டிய அணைங்க பட்டியல்ல உங்களுது வராது."

என்னத்தைச் சொல்ல. அதே கரை, அதே கோரை. கீழே தூங்க ஆள் இல்லை என்றதும் அணை நல்ல அணையாகிவிட்டது.

லோர்னா ஃபோனைக் கீழே வைக்காமல் அப்படியே மெர்வின் மகள் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். மெர்வே எடுத்தார்.

"என்ன அம்மணி, கரை நிக்குதா?"

"நிக்குது. உடைக்க வேண்டாமாம்."

"அப்போ நான் போனதுல உனக்கு லாபம்தான்."

"மெர்வ், கொட்டகைக்குப் பின்னாடி இடம் இருக்கு. குழாய் இருக்கு. நீங்க வண்டியோட இங்க வந்துடுங்க."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"அன்னைக்கு நான் படியில உக்காந்திருந்தப்போ இதச் சொல்லியிருக்கலாமே" என்றார் மெர்வ். "வண்டியை வித்துட்டேன் லோர்னா."

இத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கெல்வின் போன பிறகு முதல் தடவையாக லோர்னாவுக்கு மனசு வலித்தது, நன்றாகவே வலித்தது. "சரி மெர்வ்" என்றாள்.