அந்திப் படத்தில் அப்பா

"மூஞ்சியே தெரியாத படத்துக்கா காலையிலேருந்து மேக்கப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்?" என்றாள் யாரெலி.

"மூஞ்சி தெரியாததாலதான் என் பொழப்பே ஓடுது, மகளே," என்றார் படம் எடுக்க வந்த பெரியவர் இலாரியோ.

"அப்பா இல்லாம என்ன படம்?"

"எல்லை தாண்டி வடக்கே அவருக்குத் தலைக்கு மேல வேலையாம்," என்றாள் அம்மா ஓட்டிலியா. "உன் அக்காவோட பதினஞ்சாவது பிறந்தநாள் விழாவுக்கும் இதே தலை, இதே வேலைதான்."

மசாட்லான் கடற்கரையில், பதினைந்து நிறைந்த பெண்களை மறையும் சூரியனுக்கு முன்னால் நிறுத்திக் கருநிழலாகப் படம் எடுப்பதில் இலாரியோவுக்கு நிகரில்லை. அப்பாவோடு ஆடும் படம் அதில் கட்டாயம். பணத்தைத் தவறாமல் அனுப்பும் அப்பாக்கள் தங்களை அனுப்ப மட்டும் மறந்துவிடுவதால், தொப்பியை மாட்டிக்கொண்டு அவரே நின்றுவிடுவார். ஊரில் பல வீட்டுச் சுவர்களில் அப்பா அவர்தான். எல்லா அப்பாக்களுக்கும் ஒரே தொப்பை.

"என் அப்பா ஒல்லி," என்றாள் யாரெலி. அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

இலாரியோ கேமராவை ஓட்டிலியாவிடம் கொடுத்தார். தொப்பியை மாட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, யாரெலியின் கையைப் பிடித்தார்.

"ரொம்ப நேரம் மூச்சைப் பிடிச்சு நிக்க முடியாது, மகளே. கொஞ்சம் சீக்கிரமா அழுது முடிச்சிடு."