கீழ்வீட்டு அக்கா சண்டைக்கு வந்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்து அடைமழையில், ஹட்டன் நகரத்தில் ஒரு மேல்மாடி வீட்டில் நான் தனியாகக் குடியேறிய இரண்டாவது கிழமை இது நடந்தது.

எனக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். நோர்வூட்டுக்கு அருகே ஒரு பாடசாலையில் ஆசிரியை நியமனம் கிடைத்து மலைநாட்டுக்கு வந்தேன். படிப்பிப்பது விஞ்ஞானம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் இதற்காகவே வெட்கப்பட வேண்டியிருக்கிறது. தெரிந்த குடும்பம் ஒன்றோடு தங்கும்படி அம்மா கெஞ்சினார். நான் கேட்கவில்லை. முப்பத்தொரு வயதாகிறது, இனியாவது என் வீடு, என் கதவு, என் பூட்டு, என் திறப்பு என்று இருக்கப் போகிறேன் என்று பெரிதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் கொழும்பில் இருப்பவர். அவர் வீட்டைக் காட்டிய அன்று நல்ல வெயில். ஜன்னலைத் திறந்தால் எதிரே தேயிலைச் சரிவு பச்சையாகக் கிடந்தது. அதைப் பார்த்த மயக்கத்தில் வேறு எதையும் பார்க்காமல் சம்மதித்துவிட்டேன். சாமானோடு வந்து இறங்கிய அன்று தொடங்கிய மழை பிறகு விடவேயில்லை.

முதலில் கட்டில் படியேறவில்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தில் சிக்கிக்கொண்டது. அதைக் கீழேயே தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டு மெத்தையை மட்டும் தரையில் போட்டேன். மின்சாரக் கேத்தலின் பிளக் சுவரிலிருந்த எந்த ஓட்டைக்கும் பொருந்தவில்லை. காஸ் அடுப்புக்கு வாங்கிய ரெகுலேட்டர் சிலிண்டருக்குச் சேரவில்லை. கடைக்கு மூன்று தரம் நடந்தேன். தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வாசல் கதவின் தாழ்ப்பாள் விழவில்லை. இரண்டு இரவு கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துப் படுத்துவிட்டு, தச்சர் ஒருவரைப் பிடித்துப் புதுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம் சமாளிக்கலாம். ஈரத்தைத்தான் தாங்க முடியவில்லை. துவைத்த உடுப்பு ஐந்து நாளாகியும் காயாது. செருப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். பின்னேரமானால் ஜன்னல் இடுக்குகளால் மூடுபனி உள்ளே வந்து மெத்தை வரைக்கும் நனைந்துபோகும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் பழைய பேப்பரும் அகலமான டேப்பும் வாங்கி வந்து ஜன்னல் இடுக்கு, அதற்கு மேலே காற்றுக்கு விட்டிருந்த துவாரங்கள் என்று எல்லாவற்றையும் ஒட்டி அடைத்தேன். கதவுக்கடியில் பழைய துணியைச் செருகினேன். அன்று பனி உள்ளே வரவில்லை. குடிவந்த பிறகு நான் செய்து முடித்த முதல் வேலை அதுதான். பெருமையாக இருந்தது.

அம்மா தினமும் போன் எடுப்பார். "எப்பிடிப் பிள்ளை, இடம் வசதியோ?" என்று கேட்பார். "ஓம் அம்மா, நல்ல வசதி" என்பேன். போனை வைத்துவிட்டு, காயாத உடுப்புகளைத் திருப்பிப் போடுவேன்.

எனக்குக் கீழ்வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தகரக் கூரை வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்து, சில வருடங்களுக்கு முன் நகரத்துக்கு வந்தவர்கள். கணவரை அண்ணன் என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணன் ஆட்டோ ஓட்டுவார். அக்கா வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பார். நான் வந்த மூன்றாம் நாளே அந்த அக்கா படியேறி வந்தார்.

"டீச்சர், நீங்க குளிக்கிறப்பல்லாம் எங்க வீட்டு சீலிங் ஒழுகுதுங்க. சரியா மெஷினுக்கு மேலேயே சொட்டுது. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

வீட்டுக்காரருக்குச் சொன்னேன். குழாய் வேலை செய்யும் பாஸ் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார். பாஸ் வரவில்லை. அடுத்த நாளும் அக்கா வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு தரமும் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நான் குளியலறை மூலையில் குந்தியிருந்து கோப்பையால் அள்ளிக் குளித்து, விழுந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தும் பார்த்தேன். அப்படியும் ஒழுகியது. ஒருநாள் பாடசாலை விட்டுக் களைத்து வந்து நிற்கிறேன், படியிலேயே பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன செய்யிறது அக்கா? வீட்டுக்காரரிட்ட நாலு தரம் சொல்லிப்போட்டன். இனி நான் குளிக்காமலே இருக்கிறதோ?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறியது. "குளிக்க வேணாம்னு யாருங்க சொன்னா? நாங்களும் வாடகை குடுத்துத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன்பிறகு படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே நான் வாசலை விட்டுத் தள்ளிப் போய்விடுவேன். தையல் மெஷின் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வெளியே இறங்குவேன். இரண்டு தரம் அவர் தட்டியபோது திறக்காமல் உள்ளேயே நின்றேன். இரண்டாவது தரம் அவர் வெளியே நின்று, "உள்ளதான் இருக்காங்க, தெறக்க மாட்டேங்கிறாங்க" என்று கீழே அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் பாடசாலைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். என்னிடம் உலர்ந்த சேலை ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் அறையில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் கரி மூட்டி, அந்தச் சூட்டில் துணி காயவைப்பார்களாம். காலையில் கடைக்குப் போய் ஒரு பை கரியும் ஒரு மண் அடுப்பும் வாங்கி வந்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு படியின் மேல்தட்டில் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு கரியை மூட்டி, சிவந்ததும் அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்தேன். சுற்றிக் கதிரைகளை வைத்துச் சேலையையும் படுக்கை விரிப்பையும் விரித்தேன். சூடு வீணாகக் கூடாது என்று அறைக் கதவையும் சாத்திக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் முதன்முதலாகக் கால்விரல்கள் சூடாயின. பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தலாம் என்று மெத்தையில் சாய்ந்தேன். என்ன சுகம்!

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தலை வலிக்கத் தொடங்கியது. ஈரத்திலேயே கிடந்து காய்ச்சல் வருகிறது என்று நினைத்தேன். கொப்பியில் எழுத்துகள் ஆடின. வயிற்றைக் குமட்டியது. எழுந்து தேநீர் போடலாம் என்று நினைப்பேன், உடனே அதை மறந்துபோவேன். தூக்கம் அப்படி அமுக்கியது. பத்தாம் வகுப்புக்கு எரிதலைப் பற்றிப் படிப்பிப்பவள் நான். காற்று போதாமல் கரி எரிந்தால் என்ன நச்சு வாயு உண்டாகும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள். அடுப்புக்கு மூன்று அடி தூரத்தில் கிடக்கும்போது அந்தப் பாடம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

அப்போதுதான் செருப்புச் சத்தம். பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

"டீச்சர்! டீச்சர்!"

குரல் தெரிந்தது. ஒழுகலைப் பற்றித்தான் என்று நினைத்தேன். இன்றைக்கு மட்டும் என்னால் இதைக் கேட்க முடியாது, நான் வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அசையாமல் கிடந்தேன். சத்தம் கேட்டுவிடுமோ என்று மூச்சைக்கூட அடக்கினேன்.

தட்டுவது இடியாக மாறியது. "தண்ணிய நிப்பாட்டுங்க டீச்சர்! வீடு பூரா தண்ணி! தச்சு வச்சதெல்லாம் நனையுது!"

அந்த நேரத்தில்தான் குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தமே எனக்குக் கேட்டது. காலையில் குழாயைத் திறந்தபோது தண்ணீர் வரவில்லை. மூட மறந்து போயிருக்கிறேன். பதறி எழுந்தேன். கால்கள் என்னுடையவை போல இல்லை. ஒரு கதிரையைப் பிடித்தேன். கதிரையோடு சேர்ந்து தடாலென்று விழுந்தேன். நல்லவேளை, அடுப்புக்கு மறுபக்கம்.

இதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். விழுந்த சத்தம் கேட்டதும் அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. கீழே இருந்த அண்ணனைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் வந்து தோளால் இரண்டு தரம் மோதியதில், ஈரத்தில் ஊறிப்போயிருந்த நிலைக்கட்டையிலிருந்து என் புதுத் தாழ்ப்பாள் ஆணியோடு கழன்று விழுந்திருக்கிறது. அக்கா ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டு, என்னைத் தேடிப் படுக்கையறைக் கதவைத் தள்ளியிருக்கிறார். அனலும் கரி நாற்றமும் முகத்தில் அடித்ததாம்.

எனக்கு நினைவிருப்பது முகத்தில் விழுந்த மழை. படியின் மேல்தட்டில், வெட்டவெளியில், அவர் மடியில் தலைவைத்துக் கிடந்தேன். அவரும் தொப்பலாக நனைந்திருந்தார். என் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மூச்ச இழுங்க டீச்சர். நல்லா இழுங்க. தூங்கக் கூடாது. என்னயப் பாருங்க, கண்ணத் தெறங்க."

உள்ளே அண்ணன் ஜன்னல் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறந்ததும், "சேலை காய்ஞ்சிட்டுதோ?" என்று கேட்டேனாம். இன்றைக்கும் அண்ணன் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வளைவுக்கு வளைவு நான் சரிந்து விழாமல் அக்கா என்னைக் கட்டிப் பிடித்திருந்தார். வாயிலும் மூக்கிலும் ஒட்சிசன் வைத்தார்கள். தாதி சிங்களத்தில் ஏதோ கேட்க, அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் என் காதருகே குனிந்தார்.

"நான் யாருன்னு கேக்குறாங்க. அக்கான்னு சொல்லிட்டேன். இல்லேன்னா வெளிய போகச் சொல்லிருவாங்க."

கொஞ்சம் தெளிந்த பிறகு, வந்து பார்த்த டொக்டர் தமிழில் பேசினார். இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறையில் கிடந்திருந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார். பிறகு என்ன வேலை என்று கேட்டார். டீச்சர் என்றேன். என்ன பாடம் என்றார். "தமிழ்" என்றேன். நான் எதைப் படிப்பிக்கிறேன் என்று அக்காவுக்குத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம், பாடசாலையில் பார்வையிடல் எல்லாம் நான் இல்லாமலே முடிந்த பிறகு, விட்டார்கள். அண்ணன்தான் ஆட்டோவில் கூட்டிவந்தார். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அன்றுதான் அந்த வீட்டை உள்ளே பார்த்தேன். மெஷினுக்கு மேலே சீலிங் பலகை உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அறையின் குறுக்கே கயிறு கட்டி வெள்ளைச் சட்டைகளும் கவுன்களும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் சீலிங்கிலிருந்து இறங்கிய பழுப்புக் கறை. ஒரு மாதத்து உழைப்பு. அவற்றைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத்தான் அவர் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து இருட்டும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஐயோ அக்கா..." என்று தொடங்கி அழுதுவிட்டேன்.

"துணிதானே டீச்சர், துவைச்சுக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா பொய் சொல்லக் கூடாது. நான் ஒங்கள காப்பாத்த வரல. சண்டை போடத்தான் வந்தேன். அன்னிக்கு இருந்த கோவத்துக்கு ரெண்டுல ஒன்னு பாத்துறணும்னுதான் படியேறினேன்" என்றார்.

அந்தக் கிழமை முழுக்கப் பாடசாலை விட்டு வந்ததும் அவர் வீட்டில்தான் இருந்தேன். அவர் துவைக்க நான் அலசினேன், அவர் மடிக்க நான் அயன் பண்ணினேன். கறை போகாத துணிகளுக்குப் பதிலாக நான் புதுத்துணி வாங்கி வர, அவர் மறுபடி வெட்டித் தைத்தார். அப்படி ஒரு பின்னேரம் நான் கேட்டேன், தோட்டத்தில் எல்லோரும் வீட்டுக்குள்தானே அடுப்பு எரிக்கிறார்கள், அங்கே ஏன் இப்படி ஆவதில்லை என்று.

"லயத்துல தகரம் பூரா ஓட்டைதானே டீச்சர். பொக உள்ள வந்த மாதிரியே போயிரும். நீங்க சுண்டெலி நொழைய வழியில்லாம ஒட்டி வச்சிருந்தீங்களே!"

புதன்கிழமை அண்ணன் தனக்குத் தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தார். குளியலறைக் குழாயடியில் ஒரு ரப்பர் வளையம் மாற்ற வேண்டியிருந்தது. பத்து நிமிட வேலை. "இவ்வளவுதானா அண்ணன்? முதலே இவரைக் கூட்டி வந்திருக்கலாமே" என்றேன்.

"நீங்க கதவத் தெறந்தாத்தானேம்மா கூட்டிட்டு வர முடியும்" என்றார் அவர்.

அடுத்த கிழமை பத்தாம் வகுப்பில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா ஒருபாட்டம் அழுது முடித்துவிட்டு, போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை.

நான் இப்போதும் அதே மேல்வீட்டில்தான் இருக்கிறேன். அக்காவுக்கும் எனக்கும் இன்னமும் சண்டை வரும். தண்ணீருக்கும் வரும், படியைக் கூட்டுவதற்கும் வரும். வரும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. தனியாக வாழ வந்த இடத்தில், என் பிழையைச் சொல்ல என் வாசல் வரை படியேறி வருகிற ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய காவல் என்று, உயிர் போகும் தறுவாயில் அல்லவா நான் தெரிந்துகொண்டேன்.